இடைவேளையில் போட்ட செருப்பு

நம்மில் பல பேருக்கு நாற்பது நெருங்கிவிட்டது. மூட்டு வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று விசாரித்துக்கொள்ளும் வயது. ஆனாலும் ஒரு படத்தின் முதல் பாகம் எப்படி இருந்தது, அடுத்த பாகத்தில் அதை எப்படிக் கெடுத்தார்கள் என்று யாராவது பேச்செடுத்தால், வலியை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். உங்களில் சிலருக்கு அது போலீஸ் படமாக இருக்கும், சிலருக்குப் பேய்ப் படமாக இருக்கும். எனக்கு அது ஒரு அம்மன் படம்.

நான் பத்தாவதோடு நின்றவள். காலையில் விளக்கேற்றி, அவருக்கும் மகளுக்கும் டப்பா கட்டி அனுப்பிவிட்டு, பெருங்களத்தூரில் எங்கள் வீட்டு மூன்றாவது மாடி பால்கனியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் பொய் இல்லை.

அப்போது நாங்கள் சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா பம்மலில் தோல் கம்பெனிக்குப் போவார். வீட்டில் அம்மா, நான், அப்புறம் அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. பொழிச்சலூரில், தலைக்கு மேலே விமானம் இறங்குகிற ஒரு வீட்டுக்கு வாழப் போனவள், இரண்டே வருடத்தில் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. கேட்டால், "அங்க ஏரோபிளேன் சத்தம், தூக்கம் வரல" என்பாள் அத்தை. நான் அதை ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த அத்தை எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பிசிறு நூல் வெட்டுகிற வேலைக்குப் போனாள். தெருவில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்றால் அத்தைக்கு அழைப்பு இருக்கும். ஆனால் போனால் சமையல்கட்டில்தான் இருப்பாள். தாம்பூலத் தட்டைத் தொட அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். தானே எழுந்து போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவாள்.

நான் ஏழாவது படிக்கும்போது ஆடி மாதத்தில் அந்தப் படத்தின் முதல் பாகம் தாம்பரத்தில் ஒரு தியேட்டருக்கு வந்தது. எங்கள் தெருவில் யாரும் அதன் பெயரைச் சொன்னதில்லை. "ஆத்தா படம்" என்றால் போதும். அம்மா, அத்தை, நான் மூன்று பேரும் போனோம்.

ஆத்தா படம் போட்டால் தியேட்டரே மாறிவிடும். வாசலில் வேப்பிலைத் தோரணம், உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு சின்ன அம்மன் சிலை, அதன் முன்னால் கற்பூரத் தட்டு. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை. முதல் நாள் முதல் ஆட்டத்துக்கு வந்த பெண்கள் கழற்றினார்கள், மற்றவர்களும் கழற்றினார்கள், அவ்வளவுதான். படம் முடிகிற கடைசி அரைமணி நேரம் ஓரத்து விளக்குகளைப் போட்டுவிடுவார்கள், சாமி வந்து ஆடுகிறவர்கள் படியில் தடுக்கி விழக்கூடாது என்று. வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் ஒரு வாளித் தண்ணீருமாக ஒரு அம்மா சுவர் ஓரம் தயாராக நிற்பாள்.

அந்தப் படத்தில் அம்மன் வானத்திலிருந்து குதிக்க மாட்டாள். ஒரு பணக்கார வீட்டில் மருமகள் படுகிற பாட்டைப் பார்த்து, பாத்திரம் தேய்க்கிற பெண்ணாக அந்த வீட்டுக்கு வேலைக்கு வருவாள். கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டு மாமியார் தட்டைக் காலால் தள்ளுவாள். அம்மன் ஒன்றுமே சொல்ல மாட்டாள். தரையில் சிதறியதை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வாள். பாட்டு இல்லை, இசை இல்லை. ஒரு காக்கா கத்துகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அங்கேதான் அத்தைக்குச் சாமி வந்தது.

என் பக்கத்து நாற்காலி தடதடவென்று ஆடியது. திரும்பிப் பார்த்தேன். அத்தையின் கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்திருந்தது. அவள் வாயிலிருந்து வந்த குரலை நான் அதுவரை கேட்டதில்லை. வேப்பிலைக்கார அம்மா ஓடி வந்தாள். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து அத்தை காலில் விழுந்தார்கள். என்னைப் பயம் பிடித்துக்கொண்டது, ஆனாலும் அழவில்லை. வெளியே வந்தபோது என் ஊதா நிறச் செருப்பைக் காணோம். பள்ளிக்கூடம் திறக்கும்போது வாங்கியது, பக்கத்தில் பூ வைத்த வார். அம்மா என்னைத் திட்ட வாயெடுத்தாள். அத்தை ஈரத்தலையோடு, களைத்துப்போன குரலில், "விடுங்க அண்ணி. இன்னைக்கு அதையெல்லாம் கேக்காதீங்க" என்றாள். தாம்பரத்திலிருந்து வெறுங்காலோடு பஸ் ஏறி வந்தேன்.

அன்றோடு எங்கள் வீட்டின் நிலவரம் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் குங்குமம் வாங்கிக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். எங்களுக்கு மீன் கொண்டு வருகிற மீன்காரம்மா கடற்கரைக் குப்பத்திலிருந்து கூடையோடு பஸ்ஸில் வருவாள். ஆத்தா படத்தை ஏழு தடவை பார்த்தவள். அதுவரை அத்தையைப் பார்த்து, "இன்னாமே, புருசன் வூட்டுக்குப் போவலயா" என்று வாசலிலேயே சத்தமாகக் கேட்கிறவள், அப்புறம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தாயீ, துண்ணூறு குடு" என்று கை நீட்டினாள். அத்தைக்கு அது பிடிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அத்தை அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். ஆனால் படத்தின் கதை வசனக் கேசட் வாங்கி வந்தாள். துணி மடித்துக்கொண்டே கேட்போம். சோறு பொறுக்குகிற இடம் வந்தால் கேசட்டில் காக்கா சத்தம் மட்டும்தான் இருக்கும், ஆனாலும் இரண்டு பேரும் கையில் இருந்த துணியை மடிக்காமல் நிறுத்திவிடுவோம். அந்தக் கேசட் வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. சிவப்பு அட்டை, ஓரத்தில் மஞ்சள் கறை.

அடுத்த வருடம் ஆடியில் இரண்டாம் பாகம் என்று கேம்ப் ரோடு சுவரெல்லாம் போஸ்டர். நாங்கள் நாள் எண்ணினோம். அந்த ஆடிதான் நான் சொல்ல வந்தது.

முழுகாமல் இருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம் பிறந்திருந்தது. ஆடியில் செய்ய மாட்டார்கள், ஆவணியில் வளைகாப்பு என்று முடிவு. அக்காவின் மாமியார் கண்டிப்பான மனுஷி. அவளே எங்கள் வீட்டுக்கு வந்து, அத்தையைப் பார்த்து, "நீ வந்து மொத வளையல் போடணும்மா. ஆத்தா எறங்குன கை" என்றாள். அவள் போனதும் அம்மா சமையல்கட்டுக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அத்தை வெங்காயம் உரிப்பதை விட்டுவிட்டு வெறுமனே கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தியேட்டர் மேனேஜர் வந்தார். சஃபாரி சட்டை, நெற்றி நிறைய விபூதி.

"போன வருஷம் நம்ம தியேட்டர்ல ஆத்தா எறங்குனது உங்க மேலதாம்மா. மொத நாள் மொத ஆட்டத்துக்கு நீங்கதான் வந்து கற்பூரம் காட்டணும். ஆட்டோ அனுப்பறேன். தெருவுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. போட்டோக்காரர் ஒருத்தர் சொல்லி வெச்சிருக்கேன், பம்பைக்காரங்களும் இருக்காங்க."

"பம்பை எதுக்கு சார்?" என்று கேட்டாள் அத்தை.

"ஆத்தா வரும்போது வெறுமன இருக்கக்கூடாதில்லம்மா."

அப்பாதான் சரி என்று தலையாட்டி அனுப்பினார்.

முதல் ஆட்டத்துக்கு எங்கள் தெருவே போனது. எல்லோரும் மஞ்சள் புடவை. இந்தத் தடவை செருப்புக்கு டோக்கன் போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு பெரியவர் தகர வில்லையைக் கொடுத்துவிட்டுச் செருப்பை வாங்கிக் கொண்டார். அத்தை கற்பூரம் காட்டினாள். நடுவரிசையில் எங்களை உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நான், பின்னால் மீன்காரம்மா, அவளுக்குப் பக்கத்தில் அக்காவும் மாமியாரும்.

படம் ஆரம்பித்தது. அம்மன் வந்தாள். வேறு நடிகை.

பின்னாலிருந்து மீன்காரம்மாவின் குரல்தான் மெதுவாக வந்தது.

"இன்னாமே இது. ஆத்தா புருவம் எடுத்துகினு கீறா."

சொன்னவள் உடனே சட் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயீ மன்னிச்சுக்கோ. வாய் தவறிச்சி."

படம் போகப் போக எங்கள் வரிசை முழுக்க அதே சத்தம்தான். யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள், உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அம்மன் ஒரு மந்திரவாதியோடு கம்ப்யூட்டரில் சண்டை போட்டாள். பாம்பு ஜீப் ஓட்டியது. ஜீப் ஓட்டிய பாம்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அம்மா தொடையில் கிள்ளினாள். கிள்ளிவிட்டு அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சாமி படம் நன்றாக இல்லை என்று எப்படிச் சொல்வது. படத்தைச் சொன்னால் அம்மனைச் சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று எல்லோருக்கும் பயம்.

இடைவேளை விட்டார்கள். முறுக்கு வாங்கப் போகிறேன், தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று பெண்கள் வெளியே போனார்கள். திரும்பி வரும்போது பார்க்கிறேன், ஒருத்தி காலில் செருப்பு. அடுத்து வந்தவள் காலிலும் செருப்பு. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. டோக்கனைக் கொடுத்து, செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் மீன்காரம்மாவும் தன் ரப்பர் செருப்பு தரையில் படபடக்க வந்தாள். கண்டிப்பான அந்த மாமியார்கூட, காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டிப் பார்த்தேன், உள்ளே செருப்பு.

அத்தை மட்டும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. வெறுங்காலோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனியாவது கொல்லைப்புறம் வரும், சோறு வரும், காக்கா கத்தும் என்று காத்திருந்தாள்போல. நானும் காத்திருந்தேன்.

கடைசி அரைமணி வந்தது. ஓரத்து விளக்குகளைப் போட்டார்கள். போன வருடம் அந்த வெளிச்சத்தில் நான் முகங்களைப் பார்க்கவே இல்லை. இந்த வருடம் எல்லோர் முகமும் தெரிந்தது. கொட்டாவி விடுகிறவர்கள், வாட்சைப் பார்க்கிறவர்கள். நடைபாதையில் போட்டோக்காரர் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, கேமராவை அத்தையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். சுவர் ஓரம் இரண்டு பம்பைக்காரர்கள். மேனேஜர் தூரத்திலிருந்து தலையை ஆட்டி ஆட்டி அத்தையைப் பார்த்தார்.

ஒருத்தருக்கும் சாமி வரவில்லை.

அம்மா அத்தையின் பக்கம் சாய்ந்தாள். அவள் பேசியது எனக்கும் கேட்டது.

"கொஞ்சம் ஆடிடும்மா."

"வரல அண்ணி."

"வராட்டி என்ன? கண்ண மூடிட்டு எந்திரிச்சு நில்லு. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பின்னாடி அந்தம்மா உக்காந்திருக்கு. ஆவணியில வளையல் போடச் சொல்லியிருக்கு. மறுபடியும் உன்ன வெங்காயம் உரிக்க உக்கார வெப்பாங்க. என்னால பாக்க முடியாது."

அம்மா கெட்டவள் இல்லை. அப்போது எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, சாமி விஷயத்தில் பொய்யா என்று. இன்றைக்கு நானும் ஒரு வீட்டை நடத்துகிறேன். நாத்தனாருக்காக ஒருத்தி அம்மனிடமே தப்புச் செய்யத் துணிந்தாள் என்றால் அவளை என்ன சொல்வது.

அத்தை எழுந்து நின்றாள்.

அவ்வளவுதான், பம்பை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். போட்டோ வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. வேப்பிலைக்கார அம்மா வாளியோடு ஓடி வந்தாள். பின்வரிசையில் "தாயே, தாயே" என்று இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். அத்தை கையை உயர்த்தினாள். பம்பை இன்னும் வேகமானது.

"நிறுத்துங்கண்ணா, நான் சொல்றது கேக்கல," என்றாள் அத்தை. பம்பை நின்றது. "நான் தண்ணி குடிக்கப் போறேன். வழி விடுங்க."

திரையில் மட்டும் அம்மன் யாரையோ பறந்து பறந்து அடித்துக்கொண்டிருந்தாள். அத்தை எல்லோர் முழங்காலையும் தாண்டி வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். ஓரத்து விளக்கு வெளிச்சத்தில் எல்லோரும் அவள் காலைத்தான் பார்த்தார்கள். செருப்புப் போட்டிருந்தாள். அம்மன் படத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது என்று, தன் இடத்தில் உட்கார்ந்து மங்களப் பாட்டு வரைக்கும் பார்த்தாள்.

வாசலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். "என்னம்மா, இப்டிப் பண்ணிட்டீங்களே" என்றார்.

"நான் ஒண்ணும் பண்ணலயே சார். போன வருஷமும் நான் பண்ணல, இந்த வருஷமும் பண்ணல. அன்னைக்கு அவளா வந்தா, இன்னைக்கு வரல."

திரும்பிப் போக ஆட்டோ இல்லை. பஸ்ஸில் வந்தோம். என் காலில் செருப்பு இருந்தது.

அந்த வாரம் முழுக்கத் தெருவில் அதே பேச்சு. அத்தையை விட்டு அம்மன் போய்விட்டாள் என்றார்கள் சிலர். வெள்ளிக்கிழமை குங்குமத்துக்கு யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு மாமியார் எங்களைப் பார்த்தால் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

எதிர்வீட்டில் ஒரு டீச்சரம்மா இருந்தார். சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவர் ஒரு நாள் கோலப்பொடி கேட்கிற சாக்கில் வந்தார். அவர் வீட்டில் கோலமே போட மாட்டார்கள். அத்தையைப் பார்த்து, "படம் நல்லா இல்லயாமே" என்றார்.

அடுத்த மதத்துக்காரர் முன்னால் எப்படி விட்டுக்கொடுப்பது என்று அம்மா, "அப்படியெல்லாம் இல்ல டீச்சர், நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

டீச்சரம்மா சிரித்தார். "பெரிய வெள்ளிக்கு எங்க சர்ச்சுல திரை கட்டி ஏசு படம் போடுவாங்க. பழைய படத்துக்கு வருஷா வருஷம் அழுவேன். போன வருஷம் புதுசு ஒண்ணு கொண்டு வந்தாங்க. சிலுவையில அறையறாங்க, நான் அடுப்புல பால் வெச்சுட்டு வந்தேனான்னு யோசிச்சுட்டு உக்காந்திருக்கேன். ஆண்டவர் மேலயா எனக்குக் கொறை? படம் எடுத்தவன் மேல."

அத்தை அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். அப்புறம் உட்கார்ந்து, புருவத்திலிருந்து ஜீப் வரைக்கும் ஒன்று விடாமல் டீச்சரம்மாவிடம் சொல்லித் தீர்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஆவணி வந்தது. வளைகாப்புக்கு அழைத்தார்கள், ஆனால் முதல் வளையல் பற்றி மாமியார் பேச்சே எடுக்கவில்லை. அத்தை அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல், அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்கள் சமையல்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் பக்கத்திலேயே நின்றேன். கூடத்தில் சந்தன வாசனை, கண்ணாடி வளையல் சத்தம், அக்காவைச் சுற்றிப் பெண்கள். யார் முதலில் போடுவது என்று மாமியார் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசல்படியில் கூடை இல்லாமல், குளித்துத் தலையில் பூ வைத்து, மீன்காரம்மா உட்கார்ந்திருந்தாள். அவள்தான் கேட்டாள், "எங்க அந்தப் பொண்ணு? அதத்தான மொதல்ல போடச் சொன்னீங்கோ."

மாமியார் குரலைத் தாழ்த்தி, "அதுக்குத்தான் இப்ப ஒண்ணும் வர்றதில்லயே" என்றாள்.

"நல்லாக் கீதுமே உன் நாயம். அன்னைக்குப் பம்பை அடிச்சான், படம் புடிச்சான், மேனேஜர் பல்ல இளிச்சுகினு நின்னான். சும்மாத் தலைய விரிச்சிப் போட்டு ரெண்டு ஆட்டு ஆட்டியிருந்தா நீ வுழுந்து கும்புட்டிருப்ப, நானும் கும்புட்டிருப்பேன். அது ஆடலயே. வரலன்னு சொல்லிச்சே. அப்ப மொதத் தபா வந்தது நெசம்தான? அது கை போடாத வளையல வேற எவ கை போடும்?" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "நீயும்தான் இடைவேளையில போய் செருப்பு மாட்டிகினு வந்த. நான் பாக்கலன்னு நெனச்சியா" என்று முடித்தாள்.

கூடமே சிரித்துவிட்டது. மாமியார் முகம் சிவந்து, அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா மனையிலிருந்து கையை நீட்டி, "அவங்களையே வரச் சொல்லுங்க, எனக்குக் கை வலிக்குது" என்றாள். அம்மா ஓடி வந்து அத்தையைக் கைபிடித்து எழுப்பினாள். வெங்காயம் உரித்த கையைக் கழுவ நேரமில்லை. அந்தக் கையோடு பச்சை வளையலும் சிவப்பு வளையலும் போட்டாள். அத்தை கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்புறம் தெருவில் எந்த வளைகாப்பு என்றாலும் அத்தை கூடத்தில்தான் இருந்தாள். குங்குமத்துக்கு மட்டும் யாரும் வருவதில்லை. மீன்காரம்மா மறுபடியும் "இன்னாமே, வஞ்சிரம் வந்துகீது, வேணுமா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அத்தைக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேரம் பேசுவாள்.

எனக்குக் கல்யாணமான வருடம் மூன்றாம் பாகம் வந்தது. அவரையும் கூட்டிக்கொண்டு நானும் அத்தையும் போனோம். அது ஏசி தியேட்டர், சிலையும் இல்லை, டோக்கனும் இல்லை. கதவருகே செருப்பைக் கழற்றிய எங்களைக் காவலாளி விநோதமாகப் பார்த்தார். இடைவேளையில் அத்தை என்னைப் பார்த்தாள், நான் அத்தையைப் பார்த்தேன், இரண்டு பேரும் எழுந்து போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தோம். என் வீட்டுக்காரருக்கு இன்றுவரை அது ஏன் என்று தெரியாது.

இப்போது அத்தை எங்களோடுதான் இருக்கிறாள். குதிகால் வலி, வீட்டுக்குள்ளேயும் மெத்தென்ற செருப்புப் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஆடி வெள்ளிக்கிழமை டிவியில் முதல் பாகம் போட்டால் அந்தச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். காக்கா கத்துகிற இடத்தில் என் மகளைப் பேசவிட மாட்டாள். சாமி வருவதில்லை. கண் மட்டும் நிறையும்.

போன வாரம் மகள் போனைக் காட்டினாள். நான்காம் பாகம் எடுக்கிறார்களாம், புது நடிகையாம்.

நான் சிரித்தேன். "மூணு தடவ ஏமாந்தது போதாதா?"

"ரெண்டு தடவதான," என்றாள் அத்தை. "மொத தடவ ஏமாத்தலயே."

மகள் விடாமல், "அப்ப நாலாவது நல்லா இருக்குமா?" என்று கேட்டாள்.

அத்தை போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், புது நடிகையின் முகத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். புருவத்தைப் பார்க்கிறாள்.

"தெரியாது கண்ணு," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். "போறப்ப செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் போவோம். மீதிய இடைவேளையில பாத்துக்கலாம்."